செமினோலின் வலது புரொப்பெல்லர்

ஒற்றை எஞ்சின் செரோக்கி குடும்பத்திலிருந்து 1970களில் பைப்பர் நிறுவனம் வளர்த்தெடுத்த பயிற்சி விமானம் செமினோல். தலா 180 குதிரைத்திறனில் இரண்டு லைகமிங் எஞ்சின்கள், அன்றைய மோஸ்தரில் ஆங்கில 'T' எழுத்து வடிவில் ஒரு வால். அழகெல்லாம் அப்புறம். அதன் வலது புரொப்பெல்லர் இடதுக்கு எதிர்த்திசையில் சுற்றும், அதுதான் விஷயம்!

வழக்கம்போல இரண்டும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றினால், இடது எஞ்சின் நின்றதும் மூக்கு இன்னும் மூர்க்கமாக இடப்பக்கம் திரும்பும். வலது பெடலை மிதித்துப் பிடிக்கும் கால் நடுங்கிவிடும். செமினோலில் எந்த எஞ்சின் நின்றாலும் இழுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மாணவருக்கு நிம்மதி, சரி. ஆனால் இதில் பழகிவிட்டு, இரண்டு புரொப்பெல்லரும் ஒரே திசையில் சுற்றும் பீச்கிராஃப்ட் பாரன் விமானத்தில் ஏறுபவருக்கு இடது எஞ்சினின் குணத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்குமே?