அச்சகத்து எக்ஸ்பி கணினியும் ஒரு லைப்ரரியும்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்து அண்ணன் காலையிலேயே அழைத்துவிட்டார். டிசைன்களை சர்வரிலிருந்து இறக்க நான் எழுதிக் கொடுத்த சின்ன நிரல் நின்றுபோயிருக்கிறது. ஆவணிக் கல்யாணப் பத்திரிகைகள் ஆடியில்தான் அச்சுக்குப் போகும், அவர் பதறுவது நியாயம். கணினியை மாற்றவும் வழியில்லை, அச்சுத் தகடு செய்யும் பிளேட் மெஷினை இயக்கும் டிரைவர் நிரல் பழைய விண்டோஸ் எக்ஸ்பியோடு நின்றுவிட்டது. போய்ப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. இணைப்பை மறையாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய பதிப்பான 1.0-ஐ சர்வரில் மூடிவிட்டார்கள், என் நிரல் எக்ஸ்பியோடு வரும் லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) நம்பியிருந்தது, அதற்கு 1.0-க்கு மேல் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பழைய டிஸ்க்கில் டிஎல்எஸ் பேசும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.2 பதிப்பு கிடந்தது. ஒரே மூச்சில் கம்பைல் ஆனது, டிஎல்எஸ் 1.2-உம் பேசியது. 'பழைய ஓஎஸ்தானே, பழைய லைப்ரரி போதும்' என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. 2019 டிசம்பர் 31-ஓடு அதற்குப் பொது ஆதரவு முடிந்தது, பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். எக்ஸ்பி அந்த மெஷினால் வந்த கட்டாயம். லைப்ரரியை நான்தானே தேர்ந்தெடுக்கிறேன்? அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 வரிசையின் கடைசிப் பொது வெளியீட்டை எடுத்தேன். அதுவும் 2023 செப்டம்பரில் நின்றதுதான், ஆனாலும் கிட்டத்தட்ட நான்கு வருடத் திருத்தம் கூடுதல். விஷுவல் ஸ்டூடியோ 2017-இன் எக்ஸ்பி டூல்செட்டில் கம்பைல் செய்து, என் விண்டோஸ் 10-இல் ஓட்டினேன், ஓடியது. எக்ஸ்பியில் திறந்த உடனே முகவரி எழுத்தை எண்ணாக மாற்றும் 'இனெட் பிடான்' என்ற ஃபங்ஷன், விண்டோஸின் நெட்வொர்க் கோப்பான வின்சாக் டிஎல்எல்லில் இல்லை என்று பெட்டி வந்தது. தப்பு லைப்ரரியில் இல்லை, என் கோடில். அந்த ஃபங்ஷன் எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டாவில்தான் வந்தது. விண்டோஸ் பதிப்பைச் சொல்லும் மேக்ரோவை எக்ஸ்பியின் எண்ணான 0501-க்கு இறக்கியதும் கம்பைலரே எக்ஸ்பியில் இல்லாதவற்றைக் காட்டிக் கொடுத்தது. இதை முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டும். முகவரிக்கு 'கெட்அட்ரஸ்இன்ஃபோ', இணைப்பில் தரவு வந்ததா என்று பார்க்க வின்சாக் போலுக்குப் பதில் 'செலக்ட்', கணினி ஓடிய நேரத்தை எண்ணும் 64 பிட் டிக் கவுண்ட்டுக்குப் பதில் பழைய 32 பிட் என்று மாற்றினேன். பழையது 49.7 நாளில் சுழிக்குத் திரும்பிவிடும், ஆனால் அண்ணன் தினமும் ராத்திரி கணினியை அணைக்கிறவர்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழ் செல்லாது என்று இன்று நிரல் சொன்னது. அதைச் சரிபார்க்க உதவும் எக்ஸ்பியின் ரூட் சான்றிதழ்கள் அரதப்பழசு என்று தெரிந்து புதுப் பட்டியலை நிரலோடேயே வைத்திருந்தேன், அப்புறமும் ஏன்? இரண்டு மணி நேரம் போனது. சரிபார்ப்பை அணைக்க ஒரு வரி போதும், அண்ணனும் "தம்பி, இப்போதைக்கு ஓடினா போதுமே" என்றார். "இல்லண்ணே, அப்படிச் செஞ்சா எதிர்ல இருக்கறது நம்ம சர்வர்தானான்னே தெரியாது" என்றேன். கடைசியில் திரையின் மூலையைப் பார்த்தால் வருஷம் 2002! மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போயிருக்கிறது, அதன் கணக்கில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. எதிர்க் கடையில் நாணய பேட்டரி வாங்கிப் போட்டுத் தேதியைத் திருத்தினேன், உடனே இணைந்தது.

ஆகஸ்ட் 9, சனி

ரவுட்டரில் அந்தக் கணினிக்கு சர்வர் முகவரி ஒன்றை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்தேன். அடுத்து ஒரு சின்ன லினக்ஸ் கணினியை நடுவில் வைத்து டிஎல்எஸ் வேலையை அதனிடம் கொடுக்கணும், செலவுக்கு அண்ணன் தலையாட்டிவிட்டார். மதியத்துக்குள் பதினோரு டிசைன் இறங்கிவிட்டது. கிள்ளான் கல்யாணம் ஒன்றின் பத்திரிகைக்கு முதல் பிளேட் ஓடிக்கொண்டிருக்கிறது.