சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் ரூம்: முதலில் கரையை முடிவு பண்ணுங்கள்

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் ரூமே கிடைக்காது என்பார்கள். அது பாதிதான் உண்மை. அடியோடு கிடைக்காமல் போவது மூன்று நான்கு இரவுகளுக்குத்தான், அதுவும் சில தெருக்களில் மட்டும். "திருவிழாவுக்கு ரூம் இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் லாட்ஜில் "ஃபுல்" என்ற ஒரே பதில்தான் வரும். எந்தக் காட்சியைப் பார்க்க வருகிறீர்கள், அது வைகைக்கு எந்தக் கரையில் நடக்கிறது என்பதை முடிவு பண்ணிவிட்டுத் தேடினால் வாடகையும் இறங்கும், அலைச்சலும் குறையும்.

தேதிக் கணக்கு முதலில். மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அழகர்கோவிலிலிருந்து வரும் அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை, அடுத்த நாள் அழகர் ஆற்றில் இறங்குவது. கூட்டம் அள்ளுவது இந்த நாட்களில்தான். ஆனால் திருக்கல்யாணத்துக்கும் ஆற்றில் இறங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி வருஷத்துக்கு வருஷம் மாறும். 2023-ல் மே 2 திருக்கல்யாணம், மே 5 ஆற்றில் இறங்கினார். 2024-ல் ஏப்ரல் 21, 23. 2025-ல் மே 8, 12. அதாவது இரண்டையும் பார்க்க 2024-ல் மூன்று இரவு தங்கினால் போதும், 2025-ல் ஐந்து இரவு. பட்ஜெட் இடிப்பது பெரும்பாலும் இங்கேதான். இடைவெளி மூன்று நாளைத் தாண்டினால் இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் ராமேஸ்வரமோ குற்றாலமோ போய்விட்டு வாருங்கள். வெறுமனே காத்திருக்கும் நாளுக்குத் திருவிழா வாடகை கொடுப்பது வீண்.

கோயில் பத்திரிகை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அழகர் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டித்தான், அது பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் முன்பே இருக்கிறது. காலண்டரை எடுத்ததும் அதே வாரத்தில் முகூர்த்த நாள் எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்குக் கல்யாண வீட்டார் லாட்ஜில் பத்து, பதினைந்து ரூம் என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். கோடை விடுமுறை, கொடைக்கானல் சீசன், ராமேஸ்வரம் போகும் வடநாட்டு டூர் பஸ் எல்லாம் அதே வாரத்தில் மதுரையில் வந்து சேரும். முகூர்த்தமும் திருவிழாவும் ஒரே நாளில் விழுந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பே பேசிவிட வேண்டும். ரயில் டிக்கெட் 60 நாள் முன்புதான் திறக்கும், அதற்காக ரூமை நிறுத்தி வைக்காதீர்கள்.

இப்போது கரைக்கு வருவோம். திருக்கல்யாணமும் தேரும் தென்கரை. திருக்கல்யாணம் காலை எட்டரை மணியை ஒட்டி நடக்கும். தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றும். இதற்கு டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல வெளி வீதி, சிம்மக்கல் பக்கம் வசதி, எல்லாமே நடக்கிற தூரம். ஜங்ஷனுக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருப்பதால் சாதாரண நாளிலேயே கிராக்கி உள்ள இடம். ரூம் கோயிலை ஒட்டி இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஜங்ஷனிலிருந்து கோயில் ஒரு கிலோமீட்டர்தான். கோபுரம் தெரியும் மொட்டை மாடி என்று விளம்பரம் செய்கிற இடங்களுக்கு அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் வாடகை. அதே தெருவில் இரண்டு சந்து தள்ளி மேற்கே வந்தால் குறையும்.

எதிர்சேவையும் அழகர் இறங்குவதும் வடகரை. மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அழகர்கோவில் ரோடு முழுக்க அன்று ராத்திரி தூங்காது. அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, ஆண்டாள் மாலை சூடி, தங்கக் குதிரையில் புறப்பட்டு காலை ஆறு மணியை ஒட்டி ஆழ்வார்புரத்தில் ஆற்றில் இறங்குவார். இதற்குத் தென்கரையில் ரூம் போட்டால் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, போக்குவரத்தை நிறுத்திவைத்திருக்கும் பாலத்தை லட்சக்கணக்கான பேரோடு கடக்க வேண்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அதைச் செய்யவே கூடாது. கோரிப்பாளையம், சொக்கிகுளம், அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் பாருங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜுகள் நிறைய. கோயிலுக்குத் தூரம் என்பதால் பலர் ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் ஆற்றுக்கு அதுதான் சரியான பக்கம்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஹோட்டல் தமிழ்நாடு' மேல வெளி வீதியில் ஒன்று, அழகர்கோவில் ரோட்டில் ஒன்று, கரைக்கு ஒன்றாக இருக்கிறது. ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். முதலில் இவற்றைப் பாருங்கள்.

எதிர்சேவை அன்று வடகரையில் செக்இன் செய்கிறவர்கள் மதியம் மூன்று மணிக்குள் ரூமுக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு தடுப்புகள் வந்துவிடும், ஆட்டோ பாதியிலேயே இறக்கிவிடும், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டிவரும். ரோட்டைப் பார்த்த ரூம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கொட்டுச் சத்தமும், சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு வருபவர்களின் ஊர்வலமும் ஓயாது. தூங்காமல் பார்ப்பதுதான் ஆசை என்றால் அதே ரூமைக் கேட்டு வாங்குங்கள், அதைப்போல இடம் கிடைக்காது.

ஆப்பில் "அறைகள் இல்லை" என்று காட்டினால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். நூறு ரூம் இல்லாத சாதாரண லாட்ஜுகள் ஆப்புக்கு நான்கைந்து ரூம்தான் கொடுத்திருப்பார்கள். திருவிழா நெருங்கினால் கமிஷன் மிச்சம் என்று அதையும் மூடிவிட்டு நேரில் கொடுப்பார்கள். இன்னொரு பக்கம், ஆப்பில் கன்ஃபார்ம் ஆன ரூமை வாசலில் "எங்களுக்குத் தகவல் வரலை" என்று மறுப்பதும் நடக்கிறது. பல மாதம் முன்பு குறைந்த வாடகைக்குப் போட்ட புக்கிங்தான் முதலில் அடிபடும். அதனால் ஆப்பில் போட்டாலும் அன்றே ஒரு முறை, பத்து நாள் முன்பு ஒரு முறை, கிளம்பும் முதல் நாள் ஒரு முறை லாட்ஜுக்கு நேரடியாகப் பேசி, பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன் செய்ய நல்ல நேரம் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. மேனேஜர் இருப்பார், காலி ஆகும் ரூம் கணக்கும் கையில் இருக்கும். ராத்திரி பேசினால் நைட் டூட்டி பையனுக்கு ரேட் சொல்ல அதிகாரம் இருக்காது. கேட்பதை ஒரே மூச்சில் கேளுங்கள்: "வணக்கம்ண்ணே, மூணு பேரு, ரெண்டு நைட்டு. எதிர்சேவை அன்னைக்கு மதியம் வந்துருவோம். டபுள் ரூம், ஒரு எக்ஸ்ட்ரா பெட். டேக்ஸோட மொத்தம் எவ்வளவுண்ணே? 24 மணி நேரக் கணக்கா, 12 மணி செக்அவுட்டா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பணம் இருக்கிறது. மதுரையின் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடிகாலையில் இறங்கி ஐந்தரைக்கு ரூம் எடுத்தால் மறுநாள் ஐந்தரை வரை உங்களுடையது. 12 மணி செக்அவுட் உள்ள இடத்தில் அதே ஐந்தரைக்கு நுழைந்தால், அன்று மதியத்தோடு ஒரு நாள் முடிந்துவிட்டதாகக் கணக்கு. ஒரு இரவு தங்குவதற்கு இரண்டு நாள் வாடகை. இதில் இன்னொன்று, வழக்கமாக 24 மணி நேரம் கொடுப்பவர்களும் திருவிழா நாட்களில் மட்டும் 12 மணிக்கு மாற்றிவிடுவது உண்டு. "திருவிழா அன்னைக்கும் அதே கணக்கா?" என்று தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

வரி விஷயம் சின்னது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2,000 ரூபாய் ரூமுக்கு 100 ரூபாய். பழைய 12 சதவீதத்தைப் போட்டு பில் கொடுத்தால் நின்று கேளுங்கள்.

அட்வான்ஸ் அனுப்பும்போது கவனம் வேண்டும். மேப்பிலும் தேடலிலும் லாட்ஜ் பெயரில் போலி நம்பர் போட்டு முன்பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். போர்டு தெரிகிற போட்டோவில் உள்ள நம்பரோடு ஒத்துப்பாருங்கள். ஒரு நாள் வாடகைக்கு மேல் முன்பணம் அனுப்ப வேண்டாம். தேதி, எத்தனை இரவு, ஏசியா நான்ஏசியா, வாங்கிய தொகை, பேசியவர் பெயர் இவ்வளவும் எழுதிய ரசீதை வாட்ஸ்ஆப்பில் கேட்டு வாங்குங்கள். "ரூம் இருக்கு சார், வாங்க பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தை திருவிழா அன்று நிற்காது.

நான்ஏசி ரூம் என்றால் எந்த மாடி என்று கேட்டே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் கடைசி மாடி ரூமின் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரிதான் கக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு ரூமைப் பார்க்கும்போது ஃபேனைப் போட்டு அதன் கீழே இரண்டு நிமிஷம் நில்லுங்கள். அனல் இறங்கினால் விடிகிறவரை அப்படித்தான் இருக்கும். மொட்டை மாடிக்கு இரண்டு மாடி கீழே, கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த ரூம் இருந்தால் நான்ஏசியே போதும். ஏசி உள்ள ரூமையே ரிமோட்டை எடுத்துக்கொண்டு நான்ஏசி வாடகைக்குக் கொடுப்பார்கள். காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை எடுக்கலாம். அடுத்து பாத்ரூம் குழாயைத் திறந்து பக்கெட் நிறைகிற வேகத்தைப் பாருங்கள். எல்லா ரூமும் ஒரே நேரத்தில் விடிகாலை மூன்று மணிக்குக் குளிக்கும் நாள் அது, மேல்தொட்டி காலியாகிவிடும். படுக்கும்முன் இரண்டு பக்கெட் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரூமே எடுக்காமல் சமாளிக்கவும் வழி இருக்கிறது. திருக்கல்யாணம் மட்டும் பார்க்கிறவர்கள் ராத்திரி ரயிலில் வந்து அன்று ராத்திரி ரயிலிலேயே திரும்பலாம். குளிக்க, பெட்டி வைக்க ஜங்ஷனில் ரிட்டயரிங் ரூம் அல்லது டார்மெட்டரி. அதற்கு உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் வேண்டும், வெயிட்டிங் லிஸ்டுக்குக் கிடையாது. மறுசீரமைப்பு வேலையால் ரூம் எண்ணிக்கை மாறலாம் என்பதால் ரயில் டிக்கெட் எடுத்த அன்றே ஐஆர்சிடிசி தளத்தில் பார்த்துவிடுங்கள். க்ளோக் ரூமில் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்று கையில் இருக்கட்டும். கோயிலின் பிர்லா விஷ்ரம் விடுதி மேலச் சித்திரை வீதியிலேயே இருக்கிறது, ஆனால் திருவிழா நாட்களில் அதை நம்பி வராதீர்கள். ஊர்க்காரர்களுக்கோ சமூகத்தாருக்கோ மதுரையில் சத்திரம், மடம் இருந்தால் அதைக் கேட்பது அதைவிட நல்லது.

ஊருக்கு வெளியே போவதென்றால் ரயில் பாதையில் இருக்கும் ஊராகப் பாருங்கள். திருப்பரங்குன்றம், திருமங்கலம், அதையும் தாண்டினால் விருதுநகர், வடக்கே திண்டுக்கல். ரோடு அடைத்தாலும் ரயில் வரும். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் லாட்ஜ் முழுக்கக் கல்யாணக் கூட்டம், அன்று மட்டும் அதை விட்டுவிடலாம். ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தெற்குப் பக்க ஊர்கள் ஒத்துவராது. ரயிலில் வந்து இறங்கி, கூட்டத்தோடு பாலத்தைக் கடப்பதற்குள் அழகர் இறங்கிவிடலாம். அவர்களுக்கு மேலூர் ரோடு பக்கம்தான் சரி.

தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஒன்று. அழகர் இறங்கிய அன்று மதியத்திலேயே ரூம்கள் காலியாகத் தொடங்கும், முந்தின நாள் பேசவே மறுத்தவர்கள் அன்று சாயங்காலம் ரேட்டைக் குறைப்பார்கள். ஆனால் திருவிழா முடியவில்லை. மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், அதற்கடுத்த ராத்திரி தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. வெளியூர்க் கூட்டம் போன பிறகு மதுரைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கும் ராத்திரிகள் இவை. தல்லாகுளத்தில் நடந்து போகிற தூரத்தில் ரூம் போட்டு, பூப்பல்லக்கைப் பார்த்துவிட்டு வந்து படுக்கலாம். அந்த இரண்டு இரவுக்கு மட்டும் முன்பணம் அனுப்பாமல், நேரில் வந்து ரூமைப் பார்த்து, வாடகை பேசி எடுங்கள். ஆட்டோவில் ஏறி "நல்ல லாட்ஜுக்குப் போங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், கொண்டுவந்து விட்டவருக்கான கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். பையோடு கோரிப்பாளையத்தில் இறங்கி, நடந்தே நான்கு இடம் கேளுங்கள்.