ஆதாரம் இல்லையே என்று தயங்காதீர்கள்

இங்கிலாந்தில், மறதிநோய் உள்ள முதியவர்களும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் வந்துபோகும் ஒரு பகல்நேர மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்தா ஏதோ சரியில்லைன்னு தோணுது, ஆனா கையில ஆதாரம் ஒண்ணும் இல்ல, எப்படிப் போய்ச் சொல்றது?"

ஆதாரம் வேண்டாம். சட்டமே அதைக் கேட்கவில்லை. 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட், 42ஆம் பிரிவில் என்ன சொல்கிறதென்றால், ஒருவருக்குப் பராமரிப்புத் தேவை இருந்து, அவருக்குத் துன்புறுத்தலோ புறக்கணிப்போ நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்ற நிலை இருந்து, அந்தத் தேவையின் காரணமாகவே தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாதவராகவும் அவர் இருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலே அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றமான கவுன்சில் விசாரித்தாக வேண்டும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. அவர் கவுன்சிலிடமிருந்து ஏற்கெனவே உதவி பெறுகிறாரா, இல்லையா என்பதும் பொருட்டில்லை.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. கார்ன்வாலில் செயின்ட் ஆஸ்டல் என்ற ஊரில் 2006ல் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் கொல்லப்பட்டார். தனியாக ஒரு சின்ன அறையில் வாழ்ந்தவர். நண்பர்கள் என்று அவர் நம்பியவர்கள் அங்கேயே வந்து தங்கி, அவருடைய பணத்தை எடுத்துக்கொண்டு, அவரை அடிமைபோல நடத்தி, கடைசியில் உயிரையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வறிக்கையைப் படித்தால் மனசு ஆறாது. அவரை யாருக்கும் தெரியாமல் இல்லை. போலீஸுக்குத் தெரியும், அவரே பலமுறை கூப்பிட்டிருக்கிறார். மருத்துவச் சேவைகளுக்குத் தெரியும். வீட்டுவசதித் துறைக்குத் தெரியும். சமூக சேவைத் துறை வாராவாரம் வந்து பார்த்துக்கொண்டிருந்தது. இனி வேண்டாம் என்று அவர் சொன்னதும் நிறுத்திக்கொண்டது. ஏன் வேண்டாம் என்கிறார், யாராவது சொல்லச் சொன்னார்களா என்று ஆழமாக யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தது, ஒரே மேசையில் யாரும் அதைச் சேர்த்து வைக்கவில்லை.

பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்த விண்டர்போர்ன் வியூ மருத்துவமனையிலும் இதே கதைதான். அறிவுசார் குறைபாடு உள்ள நோயாளிகளை ஊழியர்களே துன்புறுத்தியதை 2011ல் பிபிசியின் ரகசியக் கேமரா காட்டும் வரை, போலீஸுக்குப் போனது, அவசரப் பிரிவுக்குப் போனது, கவுன்சிலுக்குப் போனது எல்லாமே தனித்தனிச் சம்பவங்களாகவே பார்க்கப்பட்டன.

அதனால்தான் இப்போது ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் வயதுவந்தோருக்கான பாதுகாப்பு வாரியம் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கவுன்சில், போலீஸ், அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் மூன்றும் அதில் கட்டாயம் உட்கார வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாரியம் கூடுவதால் மட்டும் யாரும் காப்பாற்றப்படுவதில்லை என்பது என் எண்ணம். உண்மையில் காப்பாற்றுவது, வீட்டுக்குள் போய்வரும் சாதாரண ஆட்கள். குழாய் சரிசெய்ய வந்தவர், புண்ணுக்குக் கட்டுப்போட வரும் நர்ஸ், புகை அலாரம் மாட்ட வந்த தீயணைப்பு வீரர், வழக்கத்தைவிடப் பெரிய தொகையை எடுக்க நடுங்கும் கையோடு நிற்கும் முதியவரைக் கவனிக்கும் வங்கி ஊழியர். (வங்கி ஊழியர் அந்த இடத்திலேயே போலீஸைக் கூப்பிட இங்கே தனி ஏற்பாடே இருக்கிறது.) அவர்கள் பார்த்த சின்ன விஷயம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். தனிநபர் தகவல் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லிப் பின்வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். ஆபத்தில் இருப்பவரைக் காக்கத் தேவையான தகவலைப் பகிர அந்தச் சட்டம் தடையே இல்லை.

அப்புறம், இதில் சிக்கலான பகுதி ஒன்று இருக்கிறது. ஆபத்தில் இருப்பவர் வயதுவந்தவர், குழந்தை இல்லை. 2005ஆம் ஆண்டின் மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று கருதித்தான் தொடங்க வேண்டும் என்கிறது. நமக்கு முட்டாள்தனமாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதற்காக அவருக்குத் திறனே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு. வயதானவர்களின் வாழ்க்கையை அவர்களைக் கேட்காமலேயே மாற்றிப்போடுவதும் ஒரு கொடுமைதான். ஆனால் "அவர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று கோப்பை மூடிவிடுவது அவருடைய சுதந்திரத்தை மதிப்பது ஆகாது. பயத்தில் சொன்னாரா, பக்கத்து அறையில் யாராவது இருந்தார்களா, என்னென்ன உதவி கிடைக்கும் என்று அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்களா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். திறன் இருந்தும் இன்னொருவர் பிடியில் சிக்கியிருப்பவருக்காக உயர் நீதிமன்றம் வரை போகவும் வழி உண்டு.

நம் குடும்பங்களில் இது இன்னும் கடினம். ஆங்கிலம் தெரியாத அம்மாவிடம் டாக்டரோ சோஷியல் ஒர்க்கரோ பேச வரும்போது மகனோ மருமகளோதான் மொழிபெயர்க்கிறார்கள். பெரும்பாலும் அன்போடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மாவின் பென்ஷன் வரும் வங்கிக் கார்டை வைத்திருப்பதும் அதே மகன் என்றால், அவர் எதிரிலேயே அம்மா என்ன சொல்ல முடியும்? "எல்லாம் நல்லா இருக்கு தம்பி" என்றுதான் சொல்வார். ஆகவே வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அம்மாவிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். விசாரணையைப் புரிந்துகொண்டு பங்கெடுக்க அவர் மிகவும் சிரமப்படுகிறார், கூட நிற்கத் தகுந்த ஆளும் இல்லை என்றால், அவர் சார்பில் பேசச் சுதந்திரமான ஒருவரைக் கவுன்சில்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவும் சட்டத்தில் இருக்கிறது. குடும்ப மானம் போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் விசாரணை என்றாலே யாரையாவது சிறைக்கு அனுப்புவது என்று நினைக்காதீர்கள். சில நேரம், இரவும் பகலும் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன மகளுக்கு பராமரிக்க வரும் ஒரு கேரரின் உதவி கிடைப்பதோடு அந்த வீடு நிம்மதியாகிவிடும்.

சரி, என்ன செய்வது? உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 999. மற்றபடி, ஆபத்தில் இருக்கிறார் என்று நீங்கள் நினைப்பவர் வசிக்கும் பகுதிக் கவுன்சிலின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிடுங்கள், எண் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். முடிந்தால் முதலில் அவரிடமே, தனியாக இருக்கும்போது, என்ன நடந்தால் நல்லது என்று கேட்டுக்கொள்ளுங்கள். துன்புறுத்துகிறார் என்று நீங்கள் சந்தேகப்படும் ஆளிடம் நேரே போய்க் கேட்காதீர்கள், நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் அந்த ஆளோடு தனியாக இருக்கப்போவது பாதிக்கப்படுகிறவர்தான். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்ட வார்த்தையை அதே வார்த்தையில், தேதியோடு எழுதி வையுங்கள்.

சொன்ன பிறகு பல நேரம் பதிலே வராது. ஆட்கள் போதவில்லை என்பதும், முழு விவரத்தை வெளியே சொல்ல முடியாது என்பதும் உண்மைதான், என்றாலும் "கிடைத்தது, பார்க்கிறோம்" என்று ஒரு வரி சொல்வதற்கு என்ன தடை? அந்த ஒரு வரி கிடைக்காமல்தான் அடுத்த முறை பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பதில் வரவில்லை என்றால் நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். முதலில் யாரிடம் பேசினீர்கள், என்றைக்குப் பேசினீர்கள் என்று சொல்லி, புதிதாகக் கண்ணில் பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.