பெயர் எழுதாத தாள்

திருச்செங்கோட்டைச் சுற்றி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் லாரிக்கும் போகும் ஆள் இல்லாத தெரு குறைவு. போனால் வெளி மாநிலத்தில் மாதக்கணக்கில் வேலை. எச்ஐவி அதிகமுள்ள மாவட்டம் என்ற பெயர் நாமக்கல்லுக்கு இருந்த காலத்தில், அங்கே அரசுப் பள்ளிகளுக்கு எச்ஐவி விழிப்புணர்வு வகுப்பெடுக்கப் போய்வந்தேன்.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் 1986ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது என்று தொடங்குவேன். நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு கேள்வியும் வராது.

வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு வினாத்தாள் கொடுப்போம். பெயர் வேண்டாம் என்று சொல்லியும் முதல் பள்ளியில் பாதிப் பேர் பழக்கத்தில் பெயரும் வரிசை எண்ணும் எழுதிவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை. தாள்களை வாங்கி அடுக்கிய ஆசிரியர் ஒன்றைப் படித்துவிட்டு, "இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?" என்று ஒரு பையனைக் கேட்டார். அவன் தலை குனிந்தான். வகுப்பு முடிந்து கொடுத்த தாளில் எல்லாக் கேள்விக்கும் 'தெரியாது' என்றே டிக் அடித்திருந்தார்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசாதது என் தப்பு. அந்தப் பையன் முகம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ஒரு பிஸ்கட் டின்னில் துளை போட்டு எடுத்துப்போனேன். கேள்வி இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரு சீட்டு போட வேண்டும்; வெறும் தாளானாலும் சரி. அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது. ஆசிரியர்களும் கேட்டுக்கொண்டால் வெளியே நிற்பார்கள்.

அதில் ஒரு சீட்டு: "எங்கப்பா ரிக் வண்டிக்குப் போயிருக்குது. வந்தா ஒரே தட்டுல சாப்பிடுவோம். எனக்கு வருமா?"

யாரென்று தேடக் கூடாது. மொத்த வகுப்பையும் பார்த்துச் சொன்னேன். "ஒரே தட்டுல சாப்பிட்டா வராது கண்ணுகளா. கட்டிப்பிடிச்சாலும் வராது, துணி துவைச்சாலும் வராது." பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு என்று நான்கு வழிகளையும் விளக்கினேன். அத்தோடு விட மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்குள் அப்பாவைப் பற்றிய பயமும் இருந்ததே. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள், மாத்திரையும் இலவசம், அதை விடாமல் சாப்பிட்டால் நெடுநாள் நன்றாக வாழலாம் என்று சொல்லி, 1097 என்ற உதவி எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதினேன்.

மாதாந்திர அறிக்கையில் பள்ளி, தேதி, மாணவர் எண்ணிக்கை மட்டும்தான் கேட்பார்கள். அந்தச் சீட்டை அன்று மாலையே கிழித்துப் போட்டேன். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.