கோவுக்கு இறங்கும் முன் லிபர்ட்டியை எண்ணுங்கள்

கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் இகோ பலகை ஆட்டத்தில், கண் (தன் கற்களால் சூழப்பட்ட காலி இடம்) இல்லாத இரு கூட்டங்கள் ஒன்றையொன்று பிடிக்க முந்தும்போது, ஒவ்வொரு கல்லாக மனத்தில் வைத்துப் பார்த்துத் திணறுவோரே அதிகம். லிபர்ட்டி என்பது கூட்டத்தை ஒட்டிய காலிப் புள்ளி; எல்லாம் அடைபட்டால் கூட்டம் பிடிபடும். வெளி லிபர்ட்டியையும் இரு கூட்டத்துக்கும் பொதுவான லிபர்ட்டியையும் தனித்தனியே எண்ணினால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

கறுப்புக்கு வெளியே 6, வெள்ளைக்கு 4, பொதுவில் 3 என்று வைத்துக்கொள்வோம். பொது இடத்தில் கல் வைப்பவர் தன் லிபர்ட்டியையும் சேர்த்தே அடைத்துக்கொள்கிறார் என்பதால், கறுப்பு முதலில் வெள்ளையின் வெளி இடங்களை அடைத்துவிட்டு, பொது இடங்களைக் கடைசிக்கு விட வேண்டும். அப்படி ஆடினால், கறுப்பின் முறையில் வெள்ளை பிடிபடும். வெள்ளையின் முறை என்றால் இருவரும் கை வைக்க முடியாத செக்கிதான் மிஞ்சும். பெரிய கண்ணுக்குக் கணக்கு வேறு: நான்கு புள்ளிக் கண்ணுக்கு 5, ஐந்துக்கு 8, ஆறுக்கு 12 லிபர்ட்டி, எதிராளி ஏற்கெனவே உள்ளே வைத்துள்ள கற்களை இதில் கழிக்க வேண்டும். (இந்தக் கணக்கில் கணினியும் சறுக்கும். 2023-இல் அமெரிக்க அமெச்சூர் கெல்லின் பெல்ரின், இகோ ஆடும் கணினி நிரலான கேட்டாகோவின் பெரிய கூட்டங்களை அது சுதாரிக்கும் முன்பே வளைத்து, 15 ஆட்டங்களில் 14-ஐ வென்றார்.)

இடையில் கோ ஒன்று இருந்தால், அதாவது இருவரும் ஒரே கல்லை மாறி மாறிப் பிடிக்கக்கூடிய, ஆனால் உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாத இடம் இருந்தால், அதை எடுக்க அவசரப்படக் கூடாது. எதிராளிக்கு வேறு லிபர்ட்டிகள் இருக்கும்போதே கோவை எடுத்தால், அவர் நம் வெளி இடம் ஒன்றை அடைப்பார். நாமும் ஒன்றை அடைத்தவுடன், மிரட்டல் (நாம் பதில் சொல்லியே ஆக வேண்டிய, வேறிடத்து ஆட்டம்) எதையும் செலவிடாமல் கோவைத் திருப்பி எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும் அடைத்த பின் எடுத்தால்தான் அவர் மிரட்டலைத் தேடியாக வேண்டும். வெள்ளைக்கு இன்னும் ஒரு லிபர்ட்டி மிச்சமிருக்கும் கோவிலோ, கறுப்பு ஒரு மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் விட்டு அதை அடைத்த பிறகே நேரடிக் கோ (வென்றவுடன் கூட்டத்தைப் பிடித்துவிடக்கூடிய கோ) தொடங்கும். அதை வெல்ல இன்னொரு மிரட்டலையும் விட்டுக்கொடுக்க வேண்டும். எனவே மிரட்டல்களை எண்ணும் முன் இந்த மிச்சத்தை எண்ணுவதே முறை என்பது என் கருத்து.

மிரட்டலின் அளவையும் பார்க்க வேண்டும். இருபுறமும் ஒன்பது கற்கள் பணயத்தில் இருந்தால் வித்தியாசம் குறைந்தது 36 புள்ளி. 10 புள்ளி மிரட்டலை எதிராளி சட்டை செய்யாமல் கோவை முடித்துவிடுவார். அதைவிட மோசமானது, பதில் சொல்லும்போதே அவர் கூட்டத்துக்கு ஒரு லிபர்ட்டியைக் கூட்டிக் கொடுக்கும் மிரட்டல். அத்தகைய ஒன்றை ஆடினால் மேலே போட்ட கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும்.