முதல், மூன்றாம் சனிக்கிழமைகள்

2019-இல் ஒருநாள் ஸ்கூலிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போன என் கணவர், ஒன்பது நாள் கழித்துதான் கொண்டுவந்து விட்டார். அதுவும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் போய்ப் பேசிய பிறகு. பையனுக்கு அப்போது நாலு வயது. விவாகரத்து வழக்கு ஏற்கெனவே குடும்ப நல நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அதிலேயே, பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில் மனுப் போட்டார். “கண்ணிலேயே காட்ட மாட்டேன்” என்றேன் என் வக்கீலம்மாவிடம்.

ஐந்து வயது முடியும்வரை பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறதே, அதை நம்பித்தான் பேசினேன். அது அப்பா பார்ப்பதைத் தடுக்காது என்றார் வக்கீலம்மா. “காட்ட மாட்டேன்னு எழுதினா ஜட்ஜுக்கு உங்க மேலதான் கோபம் வரும். எப்படிக் காட்டலாம்னு நாமளே சொல்லிடுவோம்.” கொடுத்த ஃபீஸ் இந்த ஒரு யோசனைக்கே தகும்.

மூன்று வாய்தா போய் இடைக்கால உத்தரவு வந்தது. மாதத்தில் முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை 10 முதல் 12 வரை, நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையில், கோர்ட்டின் குடும்ப ஆலோசகரான கவுன்சிலர் முன்னிலையில். அவர் வெளியே கூட்டிப் போகக் கூடாது. நான் உள்ளே உட்காரக் கூடாது. இந்தக் கடைசி வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

விரிசல் விட்ட ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், பாதிக் காய் தொலைந்த கேரம் போர்டு. அவ்வளவுதான் அந்த அறை. முதல் நாள் அவர் ஒரு பொம்மை ரயில் வாங்கி வந்தார், பேட்டரி இல்லாமல். பையன் முகம் சுருங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கவுன்சிலர் மேடம் ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தார். கடிகாரம் 10.25-இல் நின்றுவிட்டது. வெளியே பெஞ்சில் நான் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பன்னிரண்டுக்குக் கதவைத் தட்டியதும் நான்தான்.

திரும்பும் வழியெல்லாம் “அப்பா என்ன கேட்டார்?” என்று துருவுவேன். மூன்றாவது தடவை ஆட்டோவில் ஏறியதுமே, நான் வாயைத் திறக்கும் முன், “அப்பா ஒண்ணும் கேக்கலம்மா” என்றான். அன்றோடு நிறுத்தினேன்.

ஒருமுறை பையனுக்குக் காய்ச்சல். ஃபோனில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். வேண்டுமென்றே கொண்டுவரவில்லை என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டது. டாக்டர் சீட்டு கையில் இருந்ததால் தப்பித்தேன். அப்புறம் எதுவானாலும் வக்கீல் மூலமாக முன்கூட்டியே மெமோ கொடுத்துவிடுவேன். வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இரண்டு முறை நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததும் அதில் இருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. குழந்தைகள் அறையைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளையைத் தன்னிடம் வைத்திருக்காத பெற்றோரும் வீடியோ காலில் பேச வழி செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஜனவரியில்தான் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. வக்கீலம்மா அதை எடுத்துச் சொல்ல, வாரம் இரண்டு கால் என்று ஒத்துக்கொண்டேன். கவுன்சிலருக்குப் பதில் நானே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் பாதி நேரம் மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் கை வலித்து, அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

கோர்ட் திறந்ததும், கண்காணிப்பு இல்லாமல் பார்க்க அனுமதி கேட்டார். இந்த மாதிரி உத்தரவுகளைச் சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றலாம். நீதிபதி பையனைத் தனியாக அறைக்குள் அழைத்துப் பத்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. ராத்தங்கல் வேண்டாம், ஊரை விட்டுப் போகக் கூடாது என்ற இரண்டை மட்டும் கேட்டேன். கிடைத்தது: ஞாயிறு 10 முதல் 5 வரை, பஸ் ஸ்டாண்டு பிள்ளையார் கோயில் வாசலில் ஒப்படைக்க வேண்டும்.

முதல் ஞாயிறு 4.50-க்கே இருவரும் வந்து நின்றிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தது 5.10-க்கு. நல்ல வேளை, அங்கே பதிவேடு இல்லை.