வேலையோடு படிக்கும் தாதிய உத்தியோகத்தர்களுக்கு

டிப்ளோமா முடித்து மட்டக்களப்பில் வேலைக்கு வரும் தங்கச்சிமார், தம்பிமார் பலர் "இனியும் படிக்க வேணுமா மிஸ்?" என்று கேட்கிறார்கள். இனித்தான் படிக்க வேண்டும். மூன்று வருடப் பயிற்சி கைக்கு வேலையைப் பழக்கிவிடும். அந்த வேலையை ஏன் செய்கிறோம் என்பதை வார்டில் நின்றுதான் தேட வேண்டியிருக்கிறது.

பாம்புக்கடியையே எடுங்கள். படுவான்கரை வயல்களில் வேலை தொடங்கினால் நோயாளிகள் வருவார்கள். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை எல்லோருக்கும் தெரியும்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தத்தை விட்டு, ஆட்டாமல் வைத்து, நேரம் முடிந்ததும் ஒரு தடவை சரித்துப் பார்ப்போம்; உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று கொள்வோம். பிளாஸ்டிக் குழாய் ஏன் ஆகாது? இரத்தம் உறைவதைத் தூண்டுவதே கண்ணாடியின் மேற்பரப்புத்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலும் அந்தத் தூண்டல் கெட்டுவிடும். விஷம் ஏறாத ஆளின் இரத்தம்கூட உறையாமல் நிற்கும்; தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்ற நேரிடும், அந்த மருந்தின் ஒவ்வாமையோ உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரத்தம் உறைதல் பாடத்தைத் திறந்து பாருங்கள். இரவிரவாகப் பாடமாக்கியும் நிற்காதது அப்போது நிற்கும்.

டெங்குவும் அப்படித்தான். காய்ச்சல் விட்டதும் "பிள்ளைக்குச் சுகம், டிக்கட் வெட்டுங்க மிஸ்" என்று வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவார் தாய். குருதி நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 mmHgக்கு இறங்கும் ஆபத்து அறிகுறியைக் கவனிக்க வேண்டியவர் கட்டிலருகே நிற்கும் நாம்தான்.

திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டப்படிப்பை வேலையை விடாமலே படிக்கலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். ஒரு பந்தியை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, கூட வேலை செய்யும் பிள்ளைக்கு நம்முடைய தமிழில் விளங்கப்படுத்துங்கள். தடுமாறும் இடத்தை மறுபடி வாசித்தால் போதும். நைட் டியூட்டி முடிந்த காலையில் மட்டும் புத்தகத்தைத் தொடாமல் நித்திரை கொள்ளுங்கள்.

1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதி, ஒரு குழந்தை மருத்துவரோடு சேர்ந்து உயர்நிலைத் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். நோயாளியைத் தாமே பரிசோதித்து முடிவெடுக்கும் தாதியர் அப்படித்தான் உருவானார்கள். சர்வதேச தாதியர் பேரவை 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் இந்த நிலைக்கு முதுமாணிப் பட்டத்தை அடிப்படைத் தகுதியாகச் சொல்கிறது. அந்த நிலைக்குப் போக விரும்புகிறவர்கள், அதற்கு முதல் படியான பட்டப்படிப்பு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.